சுங்கை சிப்புட் ஈரக் காற்றில் ஒரு கிராபீன் படலப் பெட்டி: வாங்கலாமா?

உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே நான்கு உறைகள். ஒன்றில் கிராபீன் (அணு அளவு மெல்லிய கரி அடுக்கு) படலம், ஒன்றில் மாலிப்டினம் டைசல்பைடு படலம், ஒன்றில் கருப்புப் பாஸ்பரஸ் படலம். நான்காவதில் மாலிப்டினம் டைசல்பைடு படியவைத்த கண்ணாடித் துண்டு. தபால் செலவோடு 620 மலேசிய வெள்ளி. ஒளியிழை லேசருக்குள் இந்தப் படலங்களில் ஒன்றைச் செருகினால், தொடர்ந்து எரியும் ஒளி நுண்ணிய துடிப்புகளாகப் பிரிந்து வரும் என்பது விற்பவரின் வாக்கு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். கிராபீன் படலம் நல்ல சரக்கு. மாலிப்டினம் டைசல்பைடு படலமும் வேலை செய்கிறது, ஆனால் பெட்டியோடு வந்த விவரத் தாளில் எழுதியிருக்கும் காரணம் தவறு. கருப்புப் பாஸ்பரஸ் நம் ஊர்க் காற்றுக்கு ஆகாது. கண்ணாடித் துண்டைப் பற்றி எழுதியிருப்பது நடக்காத காரியம். இந்த நான்கையும்விட முக்கியமான ஒரு சேதி பெட்டியின்மேல் எங்குமே இல்லை: படலத்துக்குள் இந்தப் பொருள்களின் நுண்ணிய செதில்களைப் பிடித்து வைத்திருக்கும் பிசின் எது, அது ஈரத்தைத் தாங்குமா என்பது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் இந்தப் படலங்களின் ஆயுளை முடிவு செய்வது அந்தப் பிசின்தான்.

சோதித்த இடம் கடைத்தெருவில், குளிரூட்டி இல்லாத ஒரு கடைவீட்டு மாடி. மதியம் 33 டிகிரி. வெயில் காயும்போது 60 விழுக்காட்டுக்கு இறங்கும் ஈரப்பதம், நான்கு மணி மழைக்குப் பிறகு 90-ஐத் தொடும். பெட்டியோடு வந்த தாளின் எண்களோ 22 டிகிரியில், 45 விழுக்காடு ஈரப்பதத்தில் எடுத்தவை. செம்பனையும் பால்மரமும் சூழ்ந்த ஊரில் இதை யார் வாங்குவார்கள் என்று தோன்றலாம். சிம்மோர், ஈப்போ பக்கத்து ஒளியிழைப் பாகத் தொழிற்சாலைகளுக்கு இங்கிருந்து ஷிப்டுக்குப் போய்வருகிறவர்கள் உண்டு. வீடுகளுக்கு இணைய இழை இழுக்கும் ஒப்பந்தக்காரர்களிடம் இழைகளை உருக்கி ஒட்டும் ஃபியூஷன் ஸ்ப்ளைசரும் ஒளியின் திறனை அளக்கும் பவர் மீட்டரும் உண்டு. படிவம் ஆறு இயற்பியல் மாணவர்களும் பாலிடெக்னிக் மாணவர்களும் உண்டு. ஃபெரூல் (கனெக்டருக்குள் இழை முனையைப் பிடித்திருக்கும் குழல்) முகத்தைத் துடைத்துப் பழகிய கைக்கு இந்தப் பெட்டி புரியும். பழகாத கை முதல் நாளிலேயே படலத்தைக் கெடுத்துவிடும்.

இந்தப் படலத்துக்கு நிறைவுறு உறிஞ்சி என்று பெயர். மங்கலான ஒளி வந்தால் விழுங்கும். பலத்த ஒளி வந்தால் வழிவிடும். லேசர் வளையத்துக்குள் (ஒளி சுற்றிவரும் மூடிய இழைச் சுற்று) இருக்கும் ஒளி இரைச்சலில் தற்செயலாக ஓங்கி நிற்கும் ஒரு முகடு, ஒவ்வொரு சுற்றிலும் மற்றவற்றைவிடக் குறைவாக இழக்கிறது. சுற்றுக்குச் சுற்று ஓங்கி, கடைசியில் ஒரே துடிப்பாக நிலைத்துவிடுகிறது. கிராபீனுக்கு ஆற்றல் இடைவெளி கிடையாது, அதாவது எலக்ட்ரான் மேல்நிலைக்கு ஏறத் தாண்ட வேண்டிய குறைந்தபட்ச ஆற்றல் என்று ஒன்றும் இல்லை. அதனால் 1000 நானோமீட்டரோ, 1550-ஓ, 2000-ஓ, எந்த ஒளியானாலும் அடுக்குக்கு 2.3 விழுக்காடு உறிஞ்சும். ஒளி பலமாகும்போது மேல்நிலைகள் நிரம்பிவிடுகின்றன; ஒரே நிலையில் இரண்டு எலக்ட்ரான்கள் அமர முடியாது என்ற பாவ்லி விதிப்படி, அடுத்து வரும் ஃபோட்டானை எடுத்துக்கொள்ள இடமிருக்காது. நிரம்பிய நிலைகள் காலியாவதில் முதல் கட்டம் 100 ஃபெம்டோசெகண்ட் அளவிலும், மிச்சம் பிக்கோசெகண்ட் அளவிலும் முடிந்துவிடும். 2009-இல் சிங்கப்பூர் ஆய்வாளர்களும் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்களும் தனித்தனியே இதை எர்பியம் இழை லேசரில் (எர்பியம் என்ற தனிமம் கலந்த கண்ணாடி இழையால் ஆன லேசர்) செய்து காட்டினார்கள். கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் இவ்வகைப் படலங்களை இழை லேசரில் வைத்துப் பல ஆண்டுகள் வேலை நடந்திருக்கிறது. ஆகவே அறிவியலில் சந்தேகமே இல்லை. கடையில் விற்கும் இந்தத் துண்டு எப்படி என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

தாளின் முன்பக்கத்தில் "ஒற்றை அடுக்கு கிராபீன்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதே தாளின் பின்பக்கத்து ராமன் வரைபடம் (பொருள் சிதறடிக்கும் லேசர் ஒளியை அளந்து அதன் அமைப்பைக் காட்டுவது) வேறு கதை சொல்கிறது. ஒற்றை அடுக்கானால், சென்டிமீட்டருக்கு 2700 அலைகள் என்ற இடத்தை ஒட்டி வரும் 2டி முகடு, 1580-இல் வரும் ஜி முகட்டைவிட இரண்டு மடங்காவது உயர்ந்து ஒல்லியாக நிற்க வேண்டும். இங்கே 2டி குட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது. 1350-இல் டி முகடும் தெளிவாகத் தெரிகிறது. ஓரங்களும் பழுதுகளும் நிறைந்த சிறு செதில்களின் அடையாளம் அது. கிராஃபைட்டைத் திரவத்தில் மீயொலியால் உரித்தெடுத்த பல அடுக்குச் செதில்களின் கலவை என்பது வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த எவருக்கும் புரியும். லேசர் வேலைக்கு இது குறையே இல்லை. ஓர் அடுக்கு 2.3 விழுக்காடுதான் உறிஞ்சும் என்பதால், எர்பியம் வளையத்தைத் துடிக்க வைக்கச் சில அடுக்குகள் சேர்ந்திருப்பது நல்லதும்கூட. பெயரில் மட்டும் பொய் வேண்டாமே என்பதுதான் எங்கள் வருத்தம். அதை நம்பி, ஒற்றை அடுக்கின் பண்புகளை அளக்கலாம் என்று ஒரு மாணவர் வாங்கினால் அவருடைய பணமும் ஒரு பருவமும் வீண்.

இன்னொரு குறையும் தாளில் உண்டு. பண்பேற்ற ஆழம், அதாவது மங்கலான ஒளிக்கும் பலத்த ஒளிக்கும் இடையே உறிஞ்சல் எவ்வளவு மாறுகிறது என்ற எண் இருக்கிறது. எந்த அலைநீளத்தில், எவ்வளவு நீளத் துடிப்பை வைத்து அளந்தார்கள் என்பது இல்லை. எவ்வளவு பலத்த ஒளி வந்தாலும் மாறாமல் நிற்கும் நிறைவுறா இழப்பு எவ்வளவு என்பதும் இல்லை. இப்படிப்பட்ட படலங்களில் ஆழம் சில விழுக்காடாகவும் நிறைவுறா இழப்பு அதைப்போல் பல மடங்காகவும் இருப்பது வழக்கம். லேசர் எரியத் தொடங்குமா என்பதை அந்த இரண்டாவது எண்தான் சொல்லும். வாங்குமுன் கேட்டு வாங்குங்கள்.

இனிப் பொருத்தும் விதம்: இரண்டு ஃபெரூல் முகங்களுக்கு நடுவே துண்டை வைத்து, அவற்றை இணைக்கும் அடாப்டரில் இறுக்க வேண்டும். படலம் சுமார் 50 மைக்ரான் தடிமன், 10 மில்லிமீட்டர் சதுரம். இதில் ஒரு மில்லிமீட்டர் சதுரம் போதும், ஆகவே கவனமாக வெட்டினால் பல முறைக்கு வரும். புதிய சவர அலகு, சுத்தமான கண்ணாடித் தட்டு, முனை வளையாத சாமணம் வேண்டும். இழுத்து அறுக்கக்கூடாது, அலகை மேலிருந்து அழுத்தினால் ஓரம் சுருளாது. ஃபெரூலின் விட்டம் 2.5 மில்லிமீட்டர், ஒளி போகும் இடமோ நடுவில் 10 மைக்ரான் அகலம்தான். துண்டு அந்த நடுவை மறைத்தால் போதும், ஓரத்தைத் தொடக்கூடாது. ஓரத்துக்கு வந்த துண்டை அடாப்டரின் உள்குழல் சுருட்டி மடித்துவிடும். மடிந்தால் என்ன ஆகும் என்பதற்குக் கணக்கே இருக்கிறது. சாதாரண ஒற்றைப்பாங்கு இழையில் 1550 நானோமீட்டரில் ஒளிப்புள்ளியின் விட்டம் 10.4 மைக்ரான்; இரண்டு இழை முனைகளுக்கு நடுவே 50 மைக்ரான் பிசின் இருந்தால், ஒளி விரிவதால் மட்டும் ஏறக்குறைய 0.4 டெசிபல் போகும். மடிந்து 100 மைக்ரான் ஆனால் 1.4 டெசிபல். இதற்குமேல்தான் செதில்கள் உறிஞ்சுவதும் சிதறடிப்பதும்.

அதனால் வளையத்தில் சேர்க்குமுன் அளந்துவிடுங்கள். இழை இழுப்பவர்களிடம் இருக்கும் 1550 ஒளிமூலமும் பவர் மீட்டரும் போதும். படலம் இல்லாமல் ஒரு அளவு, படலத்தோடு ஒரு அளவு. எங்களுக்கு வந்த கிராபீன் படலத்தில் இழப்பு 1.6-லிருந்து 2.3 டெசிபல் வரை, வெட்டிய இடத்தைப் பொறுத்து மாறியது. படலத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலே கருமை ஒரே சீராக இல்லாதது தெரியும். நடுப்பகுதியிலிருந்து வெட்டுங்கள்; ஓரத்தில் செதில்கள் திரண்டு நிற்கின்றன. 4 டெசிபலுக்கு மேல் காட்டினால் படலத்தைக் குறை சொல்வதற்குமுன் கனெக்டரைப் பாருங்கள். பச்சை நிற ஏபிசி முனையை நீல நிற பிசி முனையோடு சேர்த்திருப்பார்கள்; 8 டிகிரி சாய்வால் நடுவில் காற்றிடைவெளி நிற்கும். தொழிற்சாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இது தெரிந்ததே. வீட்டில், அவசரத்தில், அவர்களும் இந்தத் தவறைச் செய்வதுண்டு.

சோதித்த வளையம் எளிமையானது: எர்பியம் இழைக்கு ஆற்றல் ஊட்டும் 980 நானோமீட்டர் பம்ப் டையோடு, 980-ஐயும் 1550-ஐயும் சேர்க்கும் கப்ளர், 2 மீட்டர் எர்பியம் இழை, துருவமுனைப்பை (ஒளி அலை அதிரும் திசையை) சாராமல், ஒளியை ஒரே பக்கமாக மட்டும் விடும் ஐசோலேட்டர், பத்து விழுக்காட்டை வெளியே எடுக்கும் கப்ளர், மூன்று துடுப்புத் துருவக் கட்டுப்பாட்டி, கடைசியில் படலம். மிச்சம் சாதாரண இழை; மொத்தம் 20 மீட்டர். படலத்தை வெளியெடுக்கும் கப்ளருக்குப் பின்னால் வைப்பது அதற்குக் கொஞ்சம் நிம்மதி. எர்பியம் இழையிலிருந்து வரும் முழு ஒளியும் அதன்மேல் அடிக்காது.

பம்பை மெல்ல ஏற்றினால் முதலில் வருவது க்யூ-சுவிட்சிங், அதாவது ஆற்றல் சேர்ந்து சேர்ந்து விட்டுவிட்டு வெளிவரும் நீண்ட துடிப்புகள். ஆஸிலாஸ்கோப்பில் பல்லாயிரம் ஹெர்ட்ஸில், மைக்ரோசெகண்ட் அகலத்தில் குன்றுபோல் துடிப்புகள் தெரியும். பம்பை ஏற்ற ஏற்ற அதிர்வெண்ணும் கூடும். பலர் இதைக் கண்டதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். மோட்-லாக்கிங் (நமக்கு வேண்டிய, ஒரே குறுந்துடிப்பு வளையத்தில் சுற்றும் நிலை) வந்துவிட்டால், அதிர்வெண்ணை முடிவு செய்வது வளையத்தின் நீளம் மட்டுமே. 20 மீட்டர் இழையை ஒளி ஒருமுறை சுற்ற 98 நானோசெகண்ட் ஆகிறது, ஆகவே 10.2 மெகாஹெர்ட்ஸ். பம்பை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த எண் அசையக்கூடாது. 20.4 காட்டினால் வளையத்துக்குள் இரண்டு துடிப்புகள் சுற்றுகின்றன, பம்பைக் குறையுங்கள். கிராபீன் படலத்தோடு எங்கள் வளையம் 38 மில்லிவாட் பம்பில் எரியத் தொடங்கியது. 70-ஐத் தாண்டியதும் துடுப்புகளைக் கொஞ்சம் திருகினால் 10.2 மெகாஹெர்ட்ஸில் நின்றது. காற்று காய்ந்த நாள்களில் மறுநாள் காலையில் சுவிட்சைப் போட்டதும் தானாகவே அதே நிலைக்கு வந்தது. இந்த விலைக்கு இது பெரிய காரியம்.

ஆனால் இங்கேதான் ஏமாறும் இடமும் இருக்கிறது. படலம் இல்லாமலே வளையம் துடிக்கலாம். வளையத்தில் துருவமுனைப்பைத் தேர்ந்தெடுக்கும் பாகம் ஏதாவது இருந்தால், இழையிலேயே நடக்கும் நேரிலாத் துருவச் சுழற்சி (ஒளியின் பலத்துக்கேற்பத் துருவமுனைப்பு திரும்புவது) நிறைவுறு உறிஞ்சியின் வேலையைச் செய்துவிடும். புகழ் மட்டும் படலத்துக்குப் போகும். ஐசோலேட்டரைத் துருவமுனைப்பைச் சாராததாகத் தேர்ந்தெடுத்தது இதற்காகவே. சோதனை எளிது: படலத்தை எடுத்துவிட்டு, வெறும் கனெக்டரை மூடி, துடுப்புகளை எல்லாப் பக்கமும் திருப்பிப் பாருங்கள். துடிப்பு வரவே கூடாது. செதில் கலக்காத வெறும் பிசின் படலத்தையும் வைத்துப் பாருங்கள், அதிலும் வரக்கூடாது. கிராபீன் படலம் இந்த இரண்டிலும் தேறியது. விற்பவர் ஒரு வெறும் படலத்தையும் பெட்டியில் போட்டிருக்கலாம். செலவு சில காசு, மாணவர்களுக்குப் பயன் பெரிது.

துடிப்பின் அகலத்தை ஆஸிலாஸ்கோப்பில் படிக்க வேண்டாம். அங்கே தெரியும் நானோசெகண்ட் அகலம் உங்கள் டிடெக்டரின் வேகம், துடிப்பின் அகலமன்று. நிறமாலைமானி கிடைத்தால் 1550 நானோமீட்டரைச் சுற்றியுள்ள பட்டை அகலத்தைப் பாருங்கள். 5 நானோமீட்டர் அகலம் என்றால் துடிப்பு அரை பிக்கோசெகண்டுக்குக் குறையாது. பட்டையின் இருபக்கமும் சமச்சீராக முள்போல் முகடுகள் எழுந்தால் சாலிட்டன் (வடிவம் குலையாமல் சுற்றும்) துடிப்பு என்று உறுதி.

இனி ஈரம். மூன்று படலங்களுக்கும் பிசின் பாலிவினைல் ஆல்கஹால். நீரில் கரையும் என்பதால்தான் அதைத் தேர்ந்தெடுக்கிறார்கள்: உரித்த செதில்கள் நீரில் மிதக்கின்றன, வெந்நீரில் கரைத்த பிசினை அதில் கலந்து, தட்டில் ஊற்றி, உலரவைத்து உரித்தால் படலம். செய்வதற்கு எது வசதியோ அதுவே நம் ஊரில் வினை. ரப்பர் சீட்டைப் புகைக்கூடத்தில் சரியாக உலர்த்தாவிட்டால் உள்ளே வெள்ளைப் புள்ளி நின்றுவிடும், வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும். இந்தப் படலமும் அதே சாதி. மழைக்குப் பிறகு காற்றிலுள்ள நீரை இழுத்து உப்புகிறது, மென்மையாகி ஃபெரூல் முகத்தில் ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் வெயிலில் சுருங்கும்போது ஒரு பக்கம் விட்டு எழும்புகிறது. அங்கே காற்று புகுந்து, இழப்பு கூடி, நேற்று 70 மில்லிவாட்டில் நின்ற துடிப்பு இன்று 90-இலும் நிற்காது. படலம் செத்துவிட்டது என்று நினைத்துப் புதுத் துண்டு வெட்டுவார்கள். உண்மையில் செதில்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது.

செய்ய வேண்டியது இது. பெட்டி வந்ததும் உறைகளைப் பிரிக்காமல் இறுக்கமான மூடியுள்ள டப்பாவில், நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். இரண்டு கைப்பிடி ஜெல் போதும். பெட்டியில் வந்த சிறு பொட்டலத்தை நம்ப வேண்டாம். நிறம் மாறிய ஜெல்லை 120 டிகிரியில் இரண்டு மணிநேரம் சூடாக்கினால் மறுபடி உலர்ந்துவிடும், ஆனால் சமையலுக்குப் பயன்படும் அடுப்பில் வேண்டாம். வெட்டிய துண்டை ஒரு நாள் முழுதும் ஜெல்லோடு உலரவைத்து, மழை இல்லாத மதியத்தில் பொருத்துங்கள். அடாப்டரை இறுக்கியதும் இரண்டு பக்க இணைப்பின்மேலும் குழாய் வேலைக்குப் பயன்படும் வெள்ளை டெஃப்லான் டேப்பை நாலைந்து சுற்று சுற்றிவிடுங்கள். பார்க்க அழகாக இராது. ஆனால் டேப் சுற்றிய துண்டு மூன்று வாரம் தாங்கியது, சுற்றாதது நான்காம் நாளே எழும்பியது. குளிரூட்டிய அறையில் வைத்த டப்பாவை வெளியே கொண்டுவந்த உடனே திறக்காதீர்கள். வெளிக்காற்று பட்டதும் குளிர்ந்த படலத்தில் பனித்துளி படியும். மூடிய டப்பாவை ஒரு மணிநேரம் அப்படியே விட்டுத் திறங்கள்.

கழற்றும்போது இன்னொரு சிக்கல். ஃபெரூலில் ஒட்டிய பிசினை எல்லாரும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைக்கிறார்கள். பாலிவினைல் ஆல்கஹால் அதில் கரையாது. துடைக்கத் துடைக்க மெழுகுபோல் பரவி, அடுத்த முறை ஒளி பட்டதும் அங்கேயே கருகும். முதலில் வெதுவெதுப்பான காய்ச்சி வடித்த நீர் தொட்ட, பஞ்சு உதிராத தாளால் துடையுங்கள், பிறகு உலர்ந்த தாள், கடைசியில்தான் ஆல்கஹால். நுண்ணோக்கியில் பார்த்துவிட்டே மறுபடி இணையுங்கள்.

சுற்றி வளைக்காமல் விற்பவரிடம் கேட்கிறோம்: இதே செதில்களை பாலிமெத்தில் மெத்தாக்ரிலேட் பிசினில் செய்து கொடுங்கள். அது நீரை மிகக் குறைவாகவே எடுக்கும். கரைப்பான் மாறும், செதில்களைச் சீராகப் பரப்பக் கூடுதல் உழைப்பு வேண்டும், விலையும் ஏறும். ஏறட்டும். வெப்ப நாட்டில் விற்கும் பொருள் வெப்ப நாட்டைத் தாங்க வேண்டும்.

கருகுவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வளையத்துக்குள் சராசரி 10 மில்லிவாட்தானே என்று அலட்சியம் வேண்டாம். அது விழும் பரப்பு 85 சதுர மைக்ரான். சதுர சென்டிமீட்டருக்குக் கணக்கிட்டால் சுமார் 12 கிலோவாட். துடிப்பு ஒரு பிக்கோசெகண்டாகச் சுருங்கிவிட்டால் உச்சம் ஒரு கிலோவாட்டை எட்டும். பிசின் வெப்பத்தைக் கடத்தாத பொருள் என்பதால் செதில் விழுங்கிய சூடு அங்கேயே தங்கும். பம்பை ஒரேயடியாக ஏற்றாமல் 5 மில்லிவாட் படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். வெளியே வரும் திறன் திடீரென்று கூடி, அதே நொடியில் துடிப்பு நின்றுவிட்டால் படலத்தில் ஓட்டை விழுந்துவிட்டது என்று பொருள். திறன் கூடியதைப் பார்த்து மகிழ வேண்டாம். எங்களுக்கு வந்த கிராபீன் படலம் பம்ப் 150 மில்லிவாட் வரை தாங்கியது. 120-க்கு மேல் போகாமல் இருப்பது நல்லது.

மாலிப்டினம் டைசல்பைடு படலத்தின் தாளில் "பழுதில்லாத தூய படிகம், 1550 நானோமீட்டருக்கு மிகப் பொருத்தம்" என்று இருக்கிறது. இந்த இரண்டு பாதிகளும் ஒன்றோடொன்று ஒட்டாது. 1550 நானோமீட்டர் ஃபோட்டானின் ஆற்றல் 0.8 எலக்ட்ரான்வோல்ட். மாலிப்டினம் டைசல்பைடின் ஆற்றல் இடைவெளி கட்டியாக இருக்கும்போது 1.2-ஐ ஒட்டியும், ஒற்றை அடுக்கில் 1.8-ஐ ஒட்டியும் இருக்கிறது. பழுதே இல்லாத படிகத்துக்கு இந்த ஒளி கண்ணாடிபோலத்தான். படலம் வேலை செய்வதற்குக் காரணம் கந்தகம் விட்டுப்போன இடங்களும் செதில் ஓரங்களும் இடைவெளிக்குள் உண்டாக்கும் நிலைகள். அதாவது விற்பவர் இல்லை என்று சத்தியம் செய்யும் பழுதுதான் உங்களுக்கு வேண்டிய பொருள். இதனால் நடைமுறையில் ஒரு விளைவு உண்டு: உரிக்கும் முறை கொஞ்சம் மாறினால் பழுதின் அளவும் மாறும், ஆகவே ஒரு தொகுதியின் படலம் போலவே அடுத்த தொகுதி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. வந்த துண்டு க்யூ-சுவிட்சிங்கில் நன்றாக நின்றது, மோட்-லாக்கிங்குக்கு வரவில்லை. குறியிடும் லேசரின் அடிப்படையை மாணவருக்குக் காட்ட இது போதும். ஒரே தொகுதி எண்ணில் இரண்டு கேட்டு வாங்குங்கள்.

கருப்புப் பாஸ்பரஸ் தத்துவத்தில் நல்ல பொருள். கட்டியில் 0.3 எலக்ட்ரான்வோல்ட், ஒற்றை அடுக்குக்கு வரும்போது 2-ஐ நெருங்கும் இடைவெளி; பல அடுக்குச் செதில் 1550-ஐப் பழுதின் தயவில்லாமல் உறிஞ்சும். ஆனால் ஆக்சிஜன், நீர், வெளிச்சம் மூன்றும் சேர்ந்தால் செதில் அரித்துப்போகும். நீரை இழுக்கும் பிசினுக்குள் அதை வைத்து இந்த ஊருக்கு விற்பது நியாயமில்லை. திறந்த ஐந்தாம் நாள் இழப்பு மாறியது, பத்தாம் நாள் துடிப்பு இல்லை.

கண்ணாடித் துண்டு. "சிவப்பு லேசர் விளக்கை அடித்தால் இரண்டாம் ஒத்திசை ஒளியைக் கண்ணால் காணலாம்" என்று எழுதியிருக்கிறார்கள். காண முடியாது. இரண்டாம் ஒத்திசை என்பது விழும் ஒளியின் பாதி அலைநீளத்தில் பிறக்கும் ஒளி. ஒற்றை அடுக்கு மாலிப்டினம் டைசல்பைடு இப்படி அலைநீளத்தைப் பாதியாக்கும் என்பது 2013-இல் பல குழுக்கள் அளந்து காட்டிய உண்மை. ஒற்றைப்படை எண்ணிக்கை அடுக்குகளில் அது வரும். இரட்டைப்படையில், அடுக்குகள் ஒன்றுக்கொன்று எதிராகத் திரும்பி நிற்பதால், ஏறக்குறைய மறைந்துபோகும். ஆனால் ஓர் அடுக்கின் தடிமன் 0.65 நானோமீட்டர். பச்சை லேசர் விளக்குக்குள் 1064-ஐ 532 ஆக்கும் கேடிபி படிகம் ஒரு மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், அது 15 லட்சம் மடங்கு தடிமன். கட்டம் பொருந்திய (உள்ளே பிறக்கும் அலைகள் ஒன்றோடொன்று ஒத்துச் சேரும்) படிகத்தில் இந்த ஒளி தடிமனின் வர்க்கத்தில் வளரும். ஆகவே வித்தியாசம் இரண்டு லட்சம் கோடி மடங்குக்கு மேல். பொருள் எவ்வளவு வீரியமாக இருந்தாலும் இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. ஃபெம்டோசெகண்ட் லேசர், நுண்ணோக்கி, ஒற்றை ஃபோட்டானை எண்ணும் டிடெக்டர் வேண்டும். அதோடு சிவப்பு விளக்கின் 650 நானோமீட்டரைப் பாதியாக்கினால் 325, புற ஊதா; கண்ணுக்கே தெரியாத ஒளி. 1961-இல் ரூபி லேசரையும் குவார்ட்ஸையும் வைத்து முதன்முதலில் இதைக் கண்டபோது ஒளித்தட்டில் பதிந்த புள்ளி அவ்வளவு மங்கலாக இருந்தது; ஆய்விதழில் அச்சானபோது தூசி என்று நினைத்து நீக்கிவிட்டார்கள். வரலாற்றுப் பாடத்துக்கு நல்ல சேதி. இந்தத் துண்டை வாங்க அது காரணமாகாது.

பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சோதிப்பவர்களுக்கு: 980, 1550 இரண்டும் கண்ணுக்குத் தெரியாது. 980 விழித்திரைவரை போகும். 1550 விழியின் முன்பகுதியில் நின்றாலும் காயம் காயம்தான். கனெக்டர் முனையை முகத்துக்கு நேரே பிடிக்கக்கூடாது, பம்ப் எரியும்போது அடாப்டரைக் கழற்றக்கூடாது, கழற்றிய முனைக்கு உடனே மூடி போட வேண்டும். அகச்சிவப்பு அட்டை ஒன்று மேசையில் இருக்கட்டும். இடி இடிக்கத் தொடங்கினால் பம்ப் டையோடின் மின்கருவியைச் சுவர்ப் பிளக்கிலிருந்தே பிடுங்கிவிடுங்கள். படலத்தைவிட டையோடு விலை அதிகம்.

விற்பவரின் சேவையில் குறை சொல்ல அதிகமில்லை. கேள்விக்கு இரண்டு நாளில் பதில் வருகிறது, அதுவும் பொருளைத் தெரிந்தவர் எழுதும் பதில். ராமன் வரைபடத்தின் மூலத் தரவைக் கேட்டதும் அனுப்பினார்கள். கிராபீன் படலத்தைத் தனியாக 210 வெள்ளிக்குத் தருகிறார்கள் என்பது பட்டியலில் இல்லை. எழுதிக் கேட்டால்தான் தெரிகிறது, அப்படியே கேட்டு வாங்குங்கள். முழுப் பெட்டியை ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் கருப்புப் பாஸ்பரஸ் உறையின் வெள்ளி முத்திரையைக் கிழிக்காமல் 14 நாளுக்குள் திருப்பி அனுப்பினால் அதன் பங்குத் தொகை திரும்பக் கிடைக்கும். தபால் செலவு உங்களுடையது.